சேறு திரும்பி வராத இரவு

வணக்கம். நான் வவுனிக்குளப் பக்கத்துக் கமக்காரன் வீட்டுப் பிள்ளை. வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு துளைக்கிற இடங்களில் சேற்றுக்குப் பொறுப்பாக நின்றவன். சேறா என்று சிரிக்காதீர்கள். களிமண்ணும் நீரும்தான், பாரம் கூட்ட பாரைட் என்ற கனத்த கல்லின் தூளும் சேரும். குழாய்க்குள்ளால் இறங்கி, நுனியில் கல்லை அரைக்கிற ‘பிட்’ என்ற துளைமுனையைக் குளிர வைத்து, அரைபட்ட கல்லை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். போனது வரவேண்டும், அவ்வளவுதான்.

ஓர் இரவு வரவில்லை. சுண்ணாம்புக்கல்லில் ஏதோ வெடிப்பு. தொட்டியில் மட்டம் கண்முன்னே இறங்குகிறது. காசு போனால் போகட்டும். கிணற்றில் நிற்கிற சேற்றின் பாரம்தான் கீழேயிருக்கும் வாயுவை அமுக்கி வைத்திருக்கிறது. அது பத்து மீற்றர் இறங்கினாலே ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் குறைந்துவிடும். பிறகு வாயு மேலே கிளம்பும்.

பம்பை மெதுவாக்கினோம். பம்பு தள்ளுகிற தள்ளும் வெடிப்பை அகட்டும் அல்லவா? புதுப் பையன் ஒருவன் வெடிப்பை அடைக்க நுண்தூளை மூட்டை மூட்டையாகக் கொட்டினான். எல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சின்னக்குளம் ஞாபகம் வந்தது. மாரியில் குளக்கட்டில் நண்டு வளையால் நீர் ஒழுகத் தொடங்கி வாய் பெருத்துவிட்டது. பக்கத்து வயல்காரர் கடகம் கடகமாகக் களிமண் போட்டார், கரைந்து ஓடியது. ஐயா முதலில் பாலைக் கொப்பு வெட்டித் திணித்தார். மேலே வைக்கோல். கடைசியாகத்தான் களி. “பெரிசு நிற்கட்டும், சின்னது பிறகு ஒட்டும்” என்றார்.

அதேதான்! வால்நட் கோதுத் துண்டு, நார், மைக்காச் செதில், நுண்தூள், எல்லா அளவும் கலந்து அனுப்பவேண்டும். தனியே பெரிசும் உதவாது. வெடிப்பின் வாயிலேயே நின்று, குழாய் சுழலும்போது சுரண்டுபடும். பிட்டின் துவாரங்களையும் அடைக்கும். ஆகவே பிட்டை எடுத்துவிட்டு வெறும் குழாயால் அனுப்பினோம். விடியப் போகும் நேரம், திரும்பி வரும் சேற்றை வடிக்கிற சல்லடையில் சேறு பொத்தென்று விழுந்த சத்தம் இருக்கிறதே!

எண்ணெய் இருக்கிற அடுக்கு என்றால் சுண்ணாம்புக்கல் தூள் நல்லது. பின்னர் அமிலம் விட்டால் கரையும், வழி திறக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். சீமெந்து அடைப்பைப் பற்றி இரண்டு தாள் எழுதி வந்தேன், சரி, விடுவோம். 2011இல் மன்னார்க் கடலடியில் டொராடோ, பரகூடா கிணறுகளில் வாயு கண்டதையும் சொல்ல இருந்தேன். ஒலிவாங்கியை மூடுகிறார்கள், வணக்கம்.