நெத்திலி இல்லாத பார்பிக்யூ

வணக்கம் நேயர்களே. நான் அமெரிக்காவில் இந்தக் கான்சஸ் சிட்டிக்குக் குடிவந்து 14 வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களிடம் இந்த ஊர்க்காரர்கள் வீடு கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்னால் "பார்பிக்யூ சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுவிடுவார்கள். பார்பிக்யூ என்றால் விறகுப் புகையில் வேகவைத்த இறைச்சி. நான் பிறந்ததிலிருந்து சைவம். பல வருடம் அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன். இன்று அதே பார்பிக்யூவை, பால்கூடச் சேராத வீகன் சாப்பாடாக, வேலை முடிந்து களைத்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு எப்படிச் செய்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேச வேண்டியதுதான்.

பார்பிக்யூ பீன்ஸ் பவுல் பற்றி ரேடியோவில் பேசப்போகிறேன் என்று அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "பீன்ஸ் பொரியலா? அதைக் கிண்ணத்தில் போட்டால் என்ன, தட்டில் போட்டால் என்ன?" என்றாள். நியாயமான கேள்வி. நமக்கு பீன்ஸ் என்றால் பச்சைக் காய். இங்கே பீன்ஸ் என்றால் காய்ந்த பயறு. நம் ராஜ்மா, கருப்பு பீன்ஸ், மேலே தீற்றல் தீற்றலாக இருக்கும் பிண்டோ, எல்லாம் அதில் சேர்த்தி. பவுல் என்பது சோறு, பயறு, காய், ஊறல் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுப்பது. ஆளுக்கு ஒரு பாத்திரம்தான் கழுவ வேண்டும். வாரநாளில் இதன் பெருமையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

என் மகள் கல்லூரிக்குப் போன முதல் வருடமே வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. மோர்சாதம் இல்லாமல் ஒரு சாப்பாடு முடியும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. லீவில் வந்தவளுக்காகக் கடையில் ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸ் வாங்கி, டப்பா பீன்ஸில் ஊற்றிச் சூடாக்கி, சோற்றின் மேல் போட்டுப் பெருமையாக வைத்தேன். அவள் ஸ்பூனைத் தொடவில்லை. பாட்டிலை எடுத்துத் திருப்பிப் படித்தாள். "அம்மா, இதில் நெத்திலி இருக்கு."

தக்காளியும் சர்க்கரையும் வினிகரும் போட்ட சாஸில் நெத்திலிக்கு என்ன வேலை? அது வூஸ்டர்ஷர் சாஸ் வழியாக உள்ளே வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தால் வொர்செஸ்டர்ஷயர், சொல்லும்போது வூஸ்டர்ஷர். 1837 இல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் விற்பனைக்கு வந்த அந்தக் கறுப்புத் திரவத்தில் ஊறவைத்த நெத்திலி மீன் உண்டு. பார்பிக்யூ சாஸ் செய்கிற பலர் அதில் ஒரு கரண்டி விடுவார்கள். மகளை விடுங்கள், நான் பத்து வருடமாக அந்த வூஸ்டர்ஷர் சாஸைத் தக்காளி சூப்பிலும் நூடுல்ஸிலும் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன்.

இந்த நாட்டில் 2006 முதல் உணவு லேபிளில் மீன், பால், முட்டை போன்ற முக்கியமான ஒவ்வாமைப் பொருள்கள் இருப்பதைத் தெளிவாகக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் பட்டியலுக்குக் கீழே "கன்டெய்ன்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள், அஞ்சு வினாடி வேலை. தேன் அந்தக் கணக்கில் வராது என்பதால் அதற்கு மட்டும் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும். ஹனி பார்பிக்யூ என்று முன்னாலேயே போட்டிருந்தால் நல்லது, போடாமலும் விடுவார்கள்.

இன்னொன்று. ஆபீஸ்காரர்களோடு பார்பிக்யூ கடைக்குப் போய், "நான் பீன்ஸ் மட்டும் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர் பாணி பீன்ஸில் மாட்டிறைச்சியின் கருகிய ஓரத் துண்டுகளை நறுக்கிப் போடுவது வழக்கம். பல இடங்களில் பீன்ஸ் தட்டையே புகைக்கூண்டில் இறைச்சிக்குக் கீழே வைப்பார்கள், சொட்டுகிற கொழுப்பு அதில் விழட்டும் என்று. ருசியின் ரகசியமே அதுதான் என்பார்கள். நமக்கு வேண்டாம்.

சரி, அந்த வூஸ்டர்ஷர் சாஸின் பட்டியலை மகள் முழுக்கப் படித்தாள். வினிகர், மொலாசஸ், வெங்காயம், நெத்திலி, பூண்டு, கிராம்பு, கொஞ்சம் தள்ளி, புளி. ஆமாம், நம் புளி. மீனை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் முக்கால்வாசி நம் அலமாரியில் இருக்கிறது. மொலாசஸ் என்பது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கறுத்த பாகு. வெல்லத்தில் அந்தப் பாகைப் பிரிப்பதே இல்லை, உள்ளேயே இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரையை இங்கே சில ஆலைகளில் எலும்புக்கரியில் வடிகட்டுவார்கள். கண்டிப்பான வீகன்கள் அதையும் தவிர்ப்பார்கள். வெல்லத்துக்கு அந்த வழக்கும் கிடையாது. அன்றைக்கே பாட்டிலை மூடி வைத்துவிட்டு நானே சாஸ் கிண்ட ஆரம்பித்தேன்.

இந்த ஊர் சாஸ் எப்படி இப்படி ஆனது என்று இரண்டு வார்த்தை. 1908 வாக்கில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் இங்கே ஒரு சந்தில் விறகுப் புகையில் வேகவைத்த இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். கான்சஸ் சிட்டி பார்பிக்யூவின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவருடைய சாஸ் மிளகு தூக்கலாக, நாக்கைச் சுடுகிற காட்டத்தோடு இருந்ததாம். இன்று கடைகளில் பார்க்கிற கெட்டியான, தித்திப்பான சாஸை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் ரிச் டேவிஸ், 1970களின் கடைசியில். தொழில்படி அவர் குழந்தைகள் மனநல மருத்துவர். குழந்தைகளுக்குப் பிடித்த ருசி எது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் நாக்கு பெர்ரி பக்கம். அதனால் என் சாஸில் வெல்லம் குறைவு, மிளகு அதிகம்.

புகை வாசனைக்கும் இதே ஊரில்தான் வழி பிறந்தது. எர்னஸ்ட் ரைட் என்ற மருந்துக்கடைக்காரர் விறகுப் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி 1895 இல் விற்றார். லிக்விட் ஸ்மோக் என்று இன்றும் சின்ன பாட்டிலில் கிடைக்கிறது. மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்ததாலோ என்னவோ, மருந்து மாதிரிதான் அளக்க வேண்டும். ஒரு வாணலிக்குக் கால் டீஸ்பூன். முதல் தடவை நான் அரை டேபிள்ஸ்பூன் விட்டேன். தீயணைப்பு வண்டி வந்துபோன வீட்டின் சுவரை நக்குவது போல இருந்தது. அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஸ்மோக்ட் பாப்ரிகா என்று கேட்டு வாங்குங்கள். விறகுப் புகையில் உலர்த்திய மிளகாயின் தூள். காரம் குறைவு, வாசனைதான் பிரதானம்.

இனி அடுப்பு. அளவுகளை மெதுவாகச் சொல்கிறேன். மூன்று பேருக்கு 15 அவுன்ஸ் டப்பா பீன்ஸ் இரண்டு. நான் ஒன்று கருப்பு, ஒன்று பிண்டோ எடுப்பேன். வடிதட்டில் கொட்டி, நுரை போகும்வரை குழாயடியில் அலசுங்கள், உப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முதலில் சோற்றைக் குக்கரில் ஏற்றிவிட்டுத்தான் டப்பாவையே திறக்க வேண்டும்.

சாஸுக்கு ஒரு கிண்ணத்தில் வினிகர் இரண்டு டேபிள்ஸ்பூன், பொடித்த வெல்லம் இரண்டு டேபிள்ஸ்பூன், புளி பேஸ்ட் ஒரு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், பாட்டில் கடுகு பேஸ்ட் ஒரு டீஸ்பூன், ஸ்மோக்ட் பாப்ரிகா ஒன்றரை டீஸ்பூன், புதிதாகப் பொடித்த மிளகு முக்கால் டீஸ்பூன், தண்ணீர் முக்கால் கப். நெத்திலி கொடுக்கிற அந்த ஆழமான உவர்ப்புக்கு ஈடாகத்தான் சோயா சாஸ். அதில் உப்பு இருக்கிறது, தனி உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புச் சட்டியில் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம். இங்கே அவசரப்படாதீர்கள், ஏழெட்டு நிமிடம் கொடுங்கள். ரேடியோவில் காட்ட முடியாது, காதால் சொல்கிறேன். வெங்காயம் முதலில் சளசளவென்று சத்தம் போடும், அது தண்ணீர் விடும் சத்தம். தண்ணீர் வற்றியதும் சத்தம் மெலிந்து சீறலாக மாறும். ஓரம் பழுப்பாகும். அப்போது தட்டிய பூண்டு நான்கு பல், உடனே தக்காளி பேஸ்ட் மூன்று டேபிள்ஸ்பூன். தக்காளித் தொக்கு வதக்கிய கைகளுக்கு இது தெரியும். பளீர் சிவப்பு மங்கி செங்கல் நிறத்துக்கு வரவேண்டும், எண்ணெய் ஓரத்தில் கசியவேண்டும். இதை விட்டுவிட்டால் சாஸில் தகர டப்பா வாசனை அடிக்கும். விட்டுப் பார்த்தவள் சொல்கிறேன்.

இப்போது பீன்ஸைப் போட்டு, அதில் ஒரு கைப்பிடியைக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிடுங்கள். சாம்பாரில் பருப்பு செய்கிற வேலையை அது செய்யும். சாஸ் தண்ணியாக ஓடாமல் பயறில் ஒட்டும். பிறகு கிண்ணத்தில் இருப்பதை ஊற்றி, லிக்விட் ஸ்மோக் இருந்தால் அதையும் விட்டு, மிதமான தீயில் மூடாமல் எட்டு நிமிடம். தீயைக் கூட்டாதீர்கள், வெல்லம் அடி பிடிக்கும். ஒரு தடவை நான் கூட்டிவிட்டு மெயில் பார்க்கப் போனேன், கூரையில் புகை அலாரம் அலறியது. மகள் மாடியிலிருந்து, "அம்மா, நிஜ பார்பிக்யூ ஆயிடுச்சா?" என்றாள். குமிழி முதலில் சின்னச் சின்னதாக வரும், கெட்டியானதும் தப், தப் என்று தனித்தனியாக வெடிக்கும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். அடி இரண்டு வினாடி தெரிந்து மெதுவாக மூடினால் இறக்கிவிடலாம்.

காய்ந்த ராஜ்மாவை வீட்டில் வேகவைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேகாத ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் ஒரு நஞ்சு இயற்கையாகவே உண்டு. இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைத்தால் அது அழிந்துவிடும். பிரஷர் குக்கர் போதும். ஸ்லோ குக்கரில் நேராகப் போடாதீர்கள், அதன் சூடு பத்தாமல் போகலாம். அப்புறம், பயறு பூவாக வெந்த பிறகே சாஸ். புளிப்பும் வெல்லமும் முதலிலேயே சேர்ந்தால் எத்தனை விசில் விட்டாலும் பயறு கல்லாகவே நிற்கும்.

கிண்ணம் நிரப்புவதற்கு நான் சட்டம் சொல்ல மாட்டேன். ஆனால் புளிப்பாக, நறுக்கென்று ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் நாலாவது வாயில் திகட்டிவிடும். முட்டைக்கோஸை நூலாக நறுக்கி, உப்பு, வினிகர், துளி சர்க்கரை போட்டுக் கசக்கி வைப்பேன். பயறு கொதிக்கிற எட்டு நிமிடத்தில் அது துவண்டுவிடும். உறைந்த சோளமணி ஒரு கப், எண்ணெய் இல்லாத வாணலியில் கரும்புள்ளி விழும்வரை. அவகாடோ விலை சரிப்பட்டால் பாதி. தயிர் தேடுகிற நாக்குக்கு அவகாடோதான் கொஞ்சம் ஆறுதல்.

டப்பா இல்லாத நாளில் நான் எடுப்பது காராமணி. ஊறவைக்காமலே குக்கரில் வெந்துவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஊன்றிய பயறு அது. புத்தாண்டு அன்று அதைச் சாப்பிட்டால் வருடம் முழுக்கக் காசு புழங்கும் என்று அங்கே நம்பிக்கை. இந்த சாஸுக்கு அது அத்தனை பொருத்தம். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னேன். ஸ்மோக்ட் பாப்ரிகா கிடைக்காது என்றாள். காய்ந்த மிளகாய் இரண்டைத் தணலில் காட்டிப் பொடித்துப் போடச் சொன்னேன்.

சாஸ் மட்டும் இரண்டு மடங்காகச் செய்து கண்ணாடி ஜாடியில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். மிஞ்சிய பீன்ஸை மறுநாள் தோசைக்குள் வைத்துச் சுருட்டலாம். மசால் தோசை என்று கூப்பிடாதீர்கள், எதிர்பார்ப்பு வேறு பக்கம் போய்விடும். அம்மா போன வாரம் காராமணியில் செய்துவிட்டு ஃபோன் பண்ணினாள். நன்றாக இருந்ததாம். கூடவே ஒரு அப்பளம் பொரித்துக்கொண்டாளாம், கடைசியில் மோர்சாதமும் சாப்பிட்டாளாம். வணக்கம்.