ஏற்காட்டுக்குக் கொண்டு போனா கேமிங் லேப்டாப் சத்தம் குறையுமா? 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பார்த்தாச்சு!

[திரை முழுக்க இருட்டு. "ஊஊஊய்ங்" என்ற சத்தம் மட்டும்.]

ராத்திரி பதினோரு மணி. ஏற்காடு. லாட்ஜ் ரூம் கதவை யாரோ தட்டுறாங்க. திறந்தா மேனேஜர் அண்ணன் நிக்கிறாரு.

"தம்பி, ரூம்ல மிக்ஸி எல்லாம் ஓட்டக் கூடாதுங்க. பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது."

நான் ஒண்ணும் பேசல. மேசையைக் காட்டுனேன். மேசை மேல லேப்டாப். மனுஷன் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "இதுலயா இவ்ளோ சத்தம்? ரிப்பேருங்களா?"ன்னு கேட்டாரு.

ரிப்பேர் இல்லண்ணே. நல்லா வேலை செய்யுது, அதான் கத்துது.

வணக்கம் மக்களே. இந்தக் கூத்து எப்படி ஆரம்பிச்சதுன்னா, என் மச்சான் ஒருத்தன் இருக்கான். எதுக்கெடுத்தாலும் பந்தயம். "சேலத்து வெயில்லதான்டா உன் லேப்டாப் இப்படி அலறுது. ஏற்காட்டுக்குக் கொண்டு போய்ப் பாரு, பெட்டிப் பாம்பா அடங்கிடும்"னு சொன்னான். பந்தயம் நம்ம சேலத்துத் தீனி, நாலு தட்டுவடை செட்டு. தட்டுவடை செட்டுன்னு வந்துட்டா நாங்க விளையாட மாட்டோம்.

[திரை: அடிவாரத்துல இருந்து மலைப்பாதை, வேகமாக.]

பாடத்தைச் சீக்கிரம் முடிச்சிடுறேன். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். பெரிய கேமிங் லேப்டாப்ல ரெண்டும் சேர்ந்து 150, 200 வாட்ஸ் எல்லாம் சாதாரணம். ரெண்டு மூணு குண்டு பல்பை ஒரு நோட்டுப் புக்குக்குள்ள வெச்சு மூடுன மாதிரி. அந்தச் சூட்டை வெளிய தள்ளுறது உள்ளங்கை சைஸ்ல ரெண்டு ஃபேன். பாடம் முடிஞ்சது.

இப்ப எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். சூடு சிப்புல இருந்து ஃபேன் வரைக்கும் எப்படிப் போகுது?

[திரை: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைத் தெரு.]

நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்திருக்கேன். ஏன் கொலுசுக் கடை முன்னாடி நிக்கிறான்னு பார்க்குறீங்களா? சூட்டைக் கடத்துறதுல உலோகத்துலயே முதல் ரேங்க் வெள்ளிதான். மார்க் எவ்வளவு தெரியுமா? சுமார் 429. இது என்ன அலகுன்னு கேட்காதீங்க, பேரு நீளமா இருக்கும். காப்பர் 400 பக்கம். அலுமினியம் 237. நம்ம ஊரு உருக்காலையில உருட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? வெறும் 16 பக்கம்! நம்ம ஊர்ப் பெருமை ரெண்டுல ஒண்ணு முதல் பெஞ்ச், இன்னொண்ணு கடைசி பெஞ்ச். எவர்சில்வர் கரண்டியைக் குழம்புல போட்டு வெச்சாலும் காம்பு சீக்கிரம் சுடாததுக்குக் காரணம் இதுதான்.

சரி, அப்ப லேப்டாப் உள்ள வெள்ளிக் கம்பி போட்டுட்டா வேலை முடிஞ்சதா? அதுதான் இல்ல. உள்ள இருக்கிறது காப்பர் குழாய். குழாய்னுதான் சொன்னேன், கம்பின்னு சொல்லல. அதுக்கு ஹீட் பைப்புன்னு பேரு. கட்டியான காப்பர் கம்பியை விட பத்து மடங்குக்கும் மேல வேகமா சூட்டைக் கடத்தும். வெள்ளி எல்லாம் கிட்டவே வர முடியாது.

ரகசியம் என்ன? தண்ணி. சில சொட்டுத் தண்ணி, அவ்வளவுதான்.

இட்லிப் பானையை நினைச்சுக்கோங்க. கீழ தண்ணி கொதிச்சு ஆவியாகுது. ஆவி மேல போய் மூடியில பட்டு, சூட்டை அங்க கொடுத்துட்டு, சொட்டாகி விழுது. ஹீட் பைப்பும் இதேதான். சிப்பு பக்கத்து முனையில தண்ணி ஆவியாகும், ஃபேன் பக்கத்து முனையில திரும்பத் தண்ணியாகும். பானையில தண்ணி தானா கீழ விழும். குழாய் படுத்துக் கிடக்குதே, தண்ணி எப்படித் திரும்பும்? அகல் விளக்குல எண்ணெய் எப்படித் திரியில ஏறுது? அதே மாதிரி! குழாயோட உள்சுவர்ல காப்பர் பொடியைச் சுட்டு ஒட்டி, திரி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தண்ணி அதுல ஊறி ஊறி சிப்புக்கே திரும்பிடும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. நம்ம பாட்டி வீட்டுச் சமையக்கட்டுலயும் பூஜை ரூம்லயும் இருந்த ரெண்டு வித்தையைச் சேர்த்து 1963-ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துல ஜார்ஜ் க்ரோவர் செஞ்சு காட்டுனாரு. அதுக்கு முன்னாடியே, 1944-ல, ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த காக்லர்னு ஒருத்தர் இதே யோசனைக்குப் பேட்டன்ட் வாங்கிட்டாரு. ஆனா அப்ப யாரும் கண்டுக்கல.

"ப்ரோ, தண்ணி 100 டிகிரியில தானே கொதிக்கும்?" அப்படின்னு கீழ டைப் பண்ணிட்டு இருக்கிற தம்பி, கையை எடுங்க. சேலத்துல 99. ஏற்காட்டுல 95 பக்கத்துலயே கொதிச்சிடும். மேல காத்தழுத்தம் கம்மி, அதான் அங்க குக்கர் இல்லாம பருப்பு வேக வெச்சா பொழுது போயிடும். ஹீட் பைப்புக்குள்ள காத்தையே உறிஞ்சி எடுத்துடுறாங்க. அதனால உள்ள இருக்கிற தண்ணி கை பொறுக்குற சூட்டுலயே ஆவியாக ஆரம்பிச்சிடும்.

ஒரு குழாயைப் பத்தி இவ்வளவு நேரம் பேசிட்டேன். என்ன பண்றது, அழகா இருக்குது!

[திரை: லாட்ஜ் ரூம். மீட்டர் ஆப் தெரிகிறது.]

இப்ப பந்தயம். சேலத்துல மத்தியானம் ரூம்ல 38 டிகிரி. கேம் ஓட விட்டா ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டு நிக்குது, ஃபேன் முழு வேகம். மலை மேல ரூம்ல 26 டிகிரி. அதே கேம், அதே செட்டிங். எவ்வளவு வந்திருக்கும்?

95. ஃபேன் அதே முழு வேகம். மிக்ஸி கதையும் அப்பத்தான் நடந்துச்சு.

முதல் காரணம் காத்து. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். குளிர்ந்த காத்து கொஞ்சம் கெட்டியா இருக்கும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், மேல காத்து கிட்டத்தட்ட 10 சதவீதம் லேசு. ஃபேன் அதே வேகத்துல சுத்துனாலும் அள்ளுற காத்தோட எடை கம்மி. 12 டிகிரி குளிரைக் கொடுத்த மலை, அதுல அஞ்சாறு டிகிரியைத் திரும்பப் பிடுங்கிக்குது.

அப்பவும் மிச்சம் ஆறேழு டிகிரி லாபம் இருக்கணுமே, எங்க போச்சு? சிப்பு சாப்பிட்டுடுச்சு! இன்னைக்கு வர்ற ப்ராசஸர் எல்லாம் சூட்டு எல்லை வரைக்கும் வேகத்தை ஏத்திக்கிட்டே போற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க. கொஞ்சம் குளிர்ச்சி கிடைச்சா "இடம் இருக்கா, இன்னும் நாலு வாட்ஸ் கொண்டா"ன்னு கேட்கும். மீட்டர்ல வாட்ஸும் வேகமும் ஏறியிருந்தது, டிகிரி அப்படியே நின்னுச்சு. ஃபேன் டிகிரியைத்தான் பார்க்கும், ஊரைப் பார்க்காது. சும்மா யூடியூப் பார்க்குறது, டைப் அடிக்கிறது மாதிரி லேசான வேலைன்னா மலை மேல சத்தம் நிஜமாவே குறையுது. கேம்னா? மச்சான், தட்டுவடையை எடுத்து வை. நொறுக்கலும் ஒண்ணு சேர்த்துச் சொல்லு.

இன்னொரு கதை. அம்மாபேட்டைத் தம்பி ஒருத்தன், வீட்டை ஒட்டியே தறி. அவன் லேப்டாப் கத்தும், ஆனா காத்து வராது. ஒரு கடையில "மதர்போர்டு போச்சு, மாத்தணும்"னு சொல்லியிருக்காங்க. எந்தக் கடைன்னு கேட்காதீங்க. என்கிட்ட கொண்டு வந்தான், பின்னாடி மூடியைக் கழட்டுனோம். ஃபேன் பளபளன்னு இருக்குது. ஆனா ஃபேனுக்கும் சீப்புப் பல்லு மாதிரி இருக்கிற தகட்டுக்கும் நடுவுல பஞ்சு படிஞ்சு கம்பளி மாதிரி ஒரு பட்டை! ட்வீசர்ல பிடிச்சு இழுத்தா ஒரே துண்டா உரிஞ்சு வருது. அதுலயே ஒரு கைக்குட்டை நெய்யலாம். நெசவு நடக்கிற தெருவுல இருக்கிறவங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா திறந்து பாருங்க. காத்தடிச்சுச் சுத்தம் பண்றப்ப மட்டும் ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால பிடிச்சுக்கோங்க. இல்லன்னா தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும்.

சரி, சத்தத்தைக் குறைக்க என்னதான் வழி? குளிர வைக்கிறதை விட்டுட்டு வாட்ஸைக் குறைங்க. ப்ராசஸரோட கடைசி கொஞ்ச வேகத்துக்குத்தான் வோல்டேஜ் எகிறும். வாட்ஸ் அந்த வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். கல்யாணப் பந்தியில கடைசி ஜிலேபி மாதிரி, ருசி கொஞ்சம், வயித்துக்கு உபத்திரவம் ஜாஸ்தி. ஃபேன் கணக்கு இதுக்கு நேர் எதிரா நமக்குச் சாதகம். நிமிஷத்துக்கு 5,000 சுத்துல இருந்து 4,000-க்கு இறக்குனா காத்து அஞ்சுல ஒரு பங்குதான் குறையும். சத்தம் கிட்டத்தட்ட 5 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்குனா காதுக்குப் பாதிச் சத்தம்னு தோணும். அப்ப 5 டெசிபல்னா சும்மாவா?

நான் செஞ்சது மூணே மூணு. கேம்ல ஃப்ரேம் ரேட்டை, அதாவது செகண்டுக்கு எத்தனை படம் காட்டணும்ங்கிறதை, 60-க்குக் கட்டிப் போட்டேன். விண்டோஸ் பவர் செட்டிங்குல ப்ராசஸரோட உச்ச அளவு 100-ன்னு இருந்ததை 99 ஆக்குனேன். ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. பல லேப்டாப்ல அந்த ஒண்ணைக் குறைச்சா, ப்ராசஸர் கூடுதலா எகிறுற டர்போ வேகமே நின்னுடும். சில புது மாடல்ல இந்த செட்டிங்கை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, தேடணும். அப்புறம் லேப்டாப்போட பின்பக்கத்தை ரெண்டு விரக்கடை தூக்கி வெச்சேன். முட்டு கொடுக்க ரெண்டு ஆரஞ்சுப் பழம், ஏற்காட்டுல வேற என்ன கிடைக்கும்? கூலிங் பேடு வாங்கலாமான்னு கேட்டா, என் அபிப்பிராயம், முதல்ல பழத்தை வெச்சுப் பாருங்க, காசு அப்புறம்.

[திரை: மீட்டரில் 78 டிகிரி. பின்னணியில் தவளைச் சத்தம் கேட்கிறது.]

கேம் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. கேட்குதா? வெளிய தவளை கத்துறது.

ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். மறுபடி கதவு. மேனேஜர் அண்ணன், கையில டார்ச் லைட்டு.

"தம்பி, உங்க ரூம்ல மட்டும் கரண்ட் போயிருச்சுங்களா? சத்தத்தையே காணோம்."