டிசம்பருக்கு அப்புறமும் அந்தக் குழந்தைகள் அங்கேதான் இருக்கிறார்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகள் காப்பகத்தில் தொண்டு செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் திருச்சியில் மழலையர் பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவள். கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த பிறகு, சாட்ஸ்வர்த் பக்கம் உள்ள ஒரு காப்பகத்துக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். அது எந்தக் காப்பகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருக்கிற பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது.

ஊரிலிருந்து அடிக்கடி போன் வரும். காலேஜ் முடித்த பிள்ளைகள், வேலையில் சின்ன இடைவெளி கிடைத்தவர்கள். "அக்கா, அங்கே ஏதாவது அநாதை இல்லத்துல ரெண்டு மாசம் வந்து குழந்தைங்களைப் பார்த்துக்கட்டுமா? பாடம் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் இளைஞர்களும் இதே ஆசையோடு இந்தியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கிளம்புகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

இந்த நாட்டில் நம்மவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தவர்களுக்கு நோய் வந்தால், சாவு வந்தால், பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ள அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று பக்கத்தில் யாரும் கிடையாது. உறவெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அந்தத் தேவையிலிருந்துதான் இந்திய சமூகத்தின் இல்லங்கள் பிறந்தன. ஆரிய யுவக் சபையினர் டர்பனில் ஆரியன் பெனவொலன்ட் ஹோம் என்ற இல்லத்தைத் தொடங்கியது 1921-இல். அரசாங்கம் கண்டுகொள்ளாத காலத்தில், கையில் காசில்லாத மக்கள் கட்டிக் காப்பாற்றிய இடம் அது. அந்த மக்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

இன்றைக்கு நிலைமை வேறு. காப்பகத்தில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தவர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். உலகம் முழுக்கவும் அப்படித்தான். சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னது. வறுமை, குடி, போதை, வீட்டில் அடிதடி, தாயின் நோய், இவைதான் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போனது. அரசு மருத்துவமனைகளில் அதற்கான மருந்து கிடைக்கத் தொடங்கியது 2004-இல்தான். அதற்கு முன்னால் எத்தனையோ வீடுகளில் பாட்டி மட்டும்தான் மிஞ்சினார். ஜுலு மக்கள் பாட்டியை கோகோ என்பார்கள். எட்டுப் பேரப்பிள்ளைகளை ஒரே பென்ஷன் பணத்தில் வளர்த்த கோகோக்கள் இந்த மாகாணம் முழுக்க இருக்கிறார்கள்.

குழந்தை காப்பகத்துக்கு வருவது நீதிமன்ற உத்தரவின் மூலம். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, சமூகப் பணியாளர் விசாரித்து, குழந்தைகள் நீதிமன்றம் முடிவு செய்கிறது. அந்த உத்தரவு அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குள் குழந்தையைத் தாயிடமே திருப்பி அனுப்ப முடியுமா, அத்தை சித்தி யாராவது ஏற்றுக்கொள்வார்களா, வளர்ப்புக் குடும்பம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மறுபடி நீதிமன்றம் போய் உத்தரவை நீட்டிக்க வேண்டும். அதாவது, காப்பகம் என்பது இடையில் தங்குகிற இடம். நாம் அங்கே செய்கிற எந்த வேலையும் குழந்தை வீட்டுக்குத் திரும்புவதற்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கைக்குழந்தைகள், தவழுகிற பிள்ளைகள் இருக்கிற அறைக்குள் புது ஆள் யாராவது நுழைந்தால், இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். இரண்டு கையையும் மேலே தூக்கும். முன்பின் தெரியாதவர் தூக்கினாலும் தோளில் சாய்ந்துகொள்ளும். வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். "பாருங்க, என்னை எப்படி ஒட்டிக்கிச்சு" என்பார். நம் வீட்டுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வயதில் புது ஆளைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும், வீறிட்டு அழும். அது ஆரோக்கியமான பயம். தனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்த குழந்தை அப்படித்தான் செய்யும். வருகிறவர் எல்லாரிடமும் கை நீட்டுகிற குழந்தைக்கு அப்படி ஒருத்தி இன்னும் கிடைக்கவில்லை.

டர்பனில் பணியாற்றிய லிண்டா ரிக்டர் என்ற உளவியல் ஆய்வாளரும் ஏமி நார்மன் என்பவரும் இதைப் பற்றி 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து கொஞ்ச நாளுக்கு வந்து போகிற தொண்டர்கள், அந்தச் சின்னக் குழந்தைகளுக்குத் தீங்காகவும் முடியலாம் என்று எச்சரித்தார்கள். ஒட்டிக்கொள்ள ஓர் ஆள் வருவார், ஒட்டியதும் போய்விடுவார், அப்புறம் வேறோர் ஆள். ஒவ்வொரு தடவையும் குழந்தைக்கு அது ஓர் இழப்பு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் உண்டு. இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், பல விதத்தில் நன்றாகத் தேறினார்கள். சோறும் துணியும் மருந்தும் சரியாகக் கிடைத்தாலும் போதாது. மாறாத ஒரு முகம் வேண்டும்.

அப்படியென்றால் தொண்டே செய்ய வேண்டாமா? செய்ய வேண்டும், நிறைய வேண்டும். என்ன வேலை என்பதுதான் கேள்வி.

நான் போகிற இல்லத்தில் கைக்குழந்தைகள் அறையை ஓர் அம்மா பார்த்துக்கொள்கிறார். ஜுலுப் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல். அவர் ஷிஃப்டில் ஆறு குழந்தைகள். ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகள் பசிக்கு அழுதால் என்ன செய்வார்? ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டுக்கும் தலையணையை அணை கொடுத்து பாட்டிலைச் சாய்த்து வைக்க வேண்டியதாகிவிடும். அது ஆபத்து, புரையேறிவிடும். அது அவருக்கும் தெரியும். கை போதவில்லை. அந்த நேரத்தில் தொண்டுக்கு வந்தவர் பாட்டில்களைக் கழுவிக் கொதிக்கவைத்து, துணிகளை மடித்து, தரையைத் துடைத்துக் கொடுத்தால், அந்த அம்மா உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையையும் மடியில் வைத்து, முகத்தைப் பார்த்து, பேசிக்கொண்டே பால் கொடுப்பார். நாளைக்கும் அடுத்த வருடமும் அங்கே இருக்கப் போகிறவர் அவர். குழந்தை அவரோடு ஒட்டட்டும். அவருடைய கையைக் காலியாக்கிக் கொடுப்பதுதான் நம் வேலை. துணி மடிக்கிற வேலையை யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் நான் பார்த்த தொண்டுகளிலேயே அந்தப் பிஞ்சுகளுக்கு அதிகம் உதவியது அதுதான்.

போட்டோ என்றதும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றத்தின் வழியாக வந்த குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதை இந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. அன்பாக ஒரு செல்ஃபி எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதும் இதில் அடங்கும். எந்தக் குழந்தை என்ன மாத்திரை சாப்பிடுகிறது, ஏன் இங்கே வந்தது என்றும் கேட்காதீர்கள். அந்தக் கதை அந்தக் குழந்தைக்குச் சொந்தம்.

பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது வேறு. அதில் வெளியாட்கள் நிறையவே செய்யலாம். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் படிக்கிறார்கள். நான்காம் வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதுதான் பல வருடங்களாக இருந்த வழக்கம். 2021-இல் நடந்த பேர்ல்ஸ் என்னும் உலக வாசிப்புத் தேர்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. வீட்டில் ஆதரவு உள்ள பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், நடுவில் பள்ளி மாறி, நீதிமன்றம் போய்வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு பையன் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். நிறுத்தி, "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்ப்பான். புத்தகத்தை மூடிவிட்டு, சமையலறையிலிருந்து சோளமாவுப் பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். புட்டு, அதாவது இங்கே பிள்ளைகள் தினமும் சாப்பிடுகிற சோளமாவுக் களி, அதை எப்படிக் கிண்டுவது என்று அதன் பின்பக்கத்தில் போட்டிருந்தது. ஒரு வரி வாசிப்பான், அதன்படி செய்வான், அடுத்த வரிக்கு வருவான். தண்ணீரை அளந்து ஊற்றினான், உப்புப் போட்டான். பக்கத்தில் நின்ற சமையல்காரம்மா ஒவ்வொரு வார்த்தைக்கும் ஜுலுவில் பெயர் சொன்னார். அன்றைக்கு அவன் வாசித்தது ஏழெட்டு வரிதான். எல்லாமே புரிந்தது. இப்படிப் பாடம் எடுக்க வாரம் தவறாமல் வர வேண்டும். வராத வாரம் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர் ஆசிரியர்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே பள்ளிகளில் அடிப்பதைத் தடைசெய்து 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. காப்பகங்களிலும் அடிக்கக் கூடாது. 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், பெற்றோர் கண்டிப்பதற்காக அடிக்கலாம் என்ற பழைய விலக்கையும் ரத்து செய்தது. அடி வாங்கியே வீட்டை விட்டு வந்த பிள்ளைமேல், செல்லமாகக்கூடக் கை ஓங்கக் கூடாது. நீங்கள் விளையாட்டுக்கு ஓங்கினாலும், அது உடம்பைச் சுருக்கித் தலையை மறைத்துக்கொள்ளும்.

சரி, வெளிநாட்டிலிருந்து வருவதாக முடிவு செய்துவிட்டீர்கள். சுற்றுலா விசாவை நம்பி வராதீர்கள். தொண்டு வேலைக்கு அனுமதி உள்ள விசாவா என்று தூதரகத்தில் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். குழந்தைகளோடு பழகத் தகுதியற்றவர்களின் தேசியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று இல்லம் சரிபார்க்கும். அதற்கான படிவம் 30-ஐ நிரப்பச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், அது குழந்தைகளின் பாதுகாப்புக்கு. எதுவுமே கேட்காமல் "பணம் கட்டுங்க, நாளைக்கே வாங்க" என்று சொல்கிற இடம் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே போகாதீர்கள். கதவு உங்களுக்கு அவ்வளவு சுலபமாகத் திறந்தால், வேறு யாருக்கெல்லாம் திறந்திருக்கும்? சில இடங்களில் தொண்டர்கள் கட்டுகிற பணத்துக்காகவே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லத்தில் சேர்க்கிறார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம் இந்தக் கொடுமையையும் சுட்டிக்காட்டியது.

ஒரு பள்ளி ஆண்டாவது தங்க முடிந்தால் வாருங்கள். முடியாதென்றால் அந்த விமானச் செலவைக் குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கிற அமைப்புகளுக்குக் கொடுங்கள். இசிபிந்தி என்றொரு திட்டம் இங்கே இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, பெரியவர்கள் இல்லாத வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து சமைக்கிறார்கள், வீட்டுப்பாடம் பார்க்கிறார்கள், அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உதவுகிறார்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே, அண்ணன் தங்கையோடு இருக்க முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கிளம்புகிற நாளைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். "மறுபடி வருவேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் குழந்தை அழாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது உங்கள் எதிரில் அழாது, அவ்வளவுதான்.

டர்பனில் இருக்கிற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் இல்லங்களுக்கு பிரியாணியும் பொம்மையும் வந்து குவிகின்றன. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று விருந்து. பிப்ரவரியில் யாருமே வருவதில்லை. புது வகுப்பு, புது டீச்சர், சீருடை, நோட்டு, ஷூ என்று பிள்ளைகள் திணறுகிற மாதம் அது. பக்கத்தில் உள்ள இல்லத்துக்குப் போன் செய்து சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். எந்தக் கிழமையில், எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அவர் துணி மடிக்கச் சொன்னால் துணி மடியுங்கள். கணக்குச் சொல்லித் தரச் சொன்னால், வருடம் முழுக்க அந்தக் கிழமையை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.