ஒரு கிராம் கழிவில் எத்தனை மில்லிலிட்டர் மீத்தேன்?

[காட்சி: வெந்நீர்த் தொட்டியில் மூடிய புட்டிகள், மூன்றில் மட்டும் சிவப்புப் பட்டை]

சிவப்புப் பட்டை ஒட்டிய மூன்றிலும் கழிவே கிடையாது. கழிவைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர்க் கரைசல் மட்டும்தான். ஆனால் கணக்கு முழுக்க அவற்றை நம்பித்தான் நிற்கிறது.

முதலில் எடை. தண்ணீர் மீத்தேன் தராது. எனவே ஈர எடை உதவாது. மாதிரியை 105 டிகிரியில் உலர்த்தி, பிறகு 550 டிகிரியில் எரியுங்கள். சாம்பல் போக எரிந்த பங்குதான் கரிமத் திடப்பொருள். 'ஒரு கிராம்' என்பது இதன் ஒரு கிராம்தான். புளித்த கழிவு என்றால் கவனம்: அதிலுள்ள அமிலங்கள் உலர்த்தும்போதே ஆவியாகிவிடும். திடப்பொருள் குறைவாகத் தெரியும், விளைச்சல் பொய்யாக உயரும்.

நுண்ணுயிர்க் கரைசலை ஓடிக்கொண்டிருக்கும் எரிவாயுக் கலனிலிருந்து எடுத்து, 37 டிகிரியில் சில நாள் பட்டினி போடுங்கள். பழைய தீனியின் வாயு அடங்கட்டும்.

[காட்சி: தராசு]

கரிமத் திடப்பொருள் கணக்கில் கரைசல் இரண்டு பங்கு, கழிவு ஒரு பங்கு. கரைசலில் 2 சதவீதம், கழிவில் 18 சதவீதம் என்றால், 400 கிராம் கலவைக்கு 379 கிராம் கரைசல், 21 கிராம் கழிவு. ஆசைப்பட்டுக் கழிவைக் கூட்டினால் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். மீத்தேன் தரும் உயிரிகள் பின்தங்கும். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் புட்டி படுத்துவிடும்.

ஒவ்வொரு வகையிலும் மூன்று புட்டிகள். நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றி மூடி, 37 டிகிரியில் வையுங்கள். வரும் வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் விட்டால் கார்பன் டை ஆக்சைடு அதில் தங்கிவிடும். மீத்தேன் வெளியே வரும். தினசரி வரவு, மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் கீழே தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் நிறுத்தலாம்.

[காட்சி: கணக்கு]

கழிவுப் புட்டியில் 1,800 மில்லிலிட்டர், வெறும் புட்டியில் 300 என்று வைத்துக்கொள்வோம். நேராக 300-ஐக் கழிக்கக் கூடாது. வெறும் புட்டியில் கரைசல் 400 கிராம். கழிவுப் புட்டியில் 379 தான். எனவே கழிக்க வேண்டியது 284. மீதி 1,516, அதைக் கழிவிலுள்ள கரிமத் திடப்பொருளான 3.79 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 400 மில்லிலிட்டர். கழிக்கவே மறந்தால் 475! இந்தப் பிழைதான் அதிகம் கண்ணில் படுகிறது.

சோதனை சரியா என்று பார்க்க, கழிவுக்குப் பதில் செல்லுலோஸ் போட்ட புட்டிகளும் கட்டாயம். அதன் கோட்பாட்டு உச்சம் கிராமுக்கு 414 மில்லிலிட்டர். வெகுவாகக் குறைந்தால் கரைசல் சோர்ந்திருக்கிறது அல்லது மூடி கசிகிறது. 414-ஐத் தாண்டினால் அளவீடே தவறு.

இந்த எண்களெல்லாம் 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தம், உலர்ந்த வாயுவுக்கானவை. 30 டிகிரியில் ஈரத்தோடு அளந்த 1,000 மில்லிலிட்டர், இந்த நிலைக்கு மாற்றினால் 863 தான்.