‘கடன் தகராறு’ என்று எழுதிய தாள்

(உசிலம்பட்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். காட்டு வேலை முடிந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

இன்று பிப்ரவரி 9. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த நாள். காலையில் அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் இந்த மாதத்தில்தான் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்து வயல் காலியாகிறது. எருவுக்காகக் கிடை போட, அதாவது ராத்திரி வயலில் அடைத்து வைக்க, ஆடுகள் போகும். மேய்க்க ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் புரோக்கர் நம் பக்கம் வருகிறான். மழை பொய்த்த வீடு, சாவு விழுந்த வீடு, கந்துவட்டியில் மாட்டிய வீடு எது என்று அவனுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிப் போனான். பன்னிரண்டு வயசு. அப்பா வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அவன். வேளைக்குக் கஞ்சி, ராத்திரி கிடையோடு படுக்கை. குட்டி ஒன்று காணாமல் போனால் அதன் விலையும் கடனில் ஏறும். ஒரு வருஷம் கழித்து அப்பா கணக்குக் கேட்டால், வாங்கியதைவிடப் பாக்கி கூடியிருக்கிறது! ஆட்டு மந்தை வைத்து ஊர் ஊராகப் போகிற எல்லாக் கீதாரியையும் சொல்லவில்லை. வெயிலில் ஆட்டோடு ஆடாக நடந்து பிழைக்கிற நல்லவர்களும் உண்டு.

அவனை மீட்ட பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன். விசாரணை நடந்த அலுவலகத்தில், பணம் கொடுத்தவர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். பையனின் அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். சாயங்காலம் வந்த தாளில் ‘கடன் தகராறு, சமாதானம் ஆகிவிட்டது’ என்று இருந்தது. உள்ளே என்ன கைமாறியது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையால், கொத்தடிமையிலிருந்து மீண்டவன் என்று அரசு தருகிற விடுதலைச் சான்று கிடைக்கவில்லை. சான்று இல்லாததால் உடனடி உதவித்தொகை இல்லை, கொத்தடிமை வழக்கும் இல்லை. மூன்றே மாதத்தில் அதே புரோக்கர் அதே வாசலில்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 6ஆம் பிரிவுப்படி கொத்தடிமைக் கடன் செத்த கடன். 9ஆம் பிரிவுப்படி அதை வசூலித்தாலே மூன்று வருஷம் வரை சிறை. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் பணம் கொடுத்தவர்தான், 15ஆம் பிரிவு. வேப்பமரத்தடியில் நின்ற மனிதர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்புறம் எதற்குச் சமாதானம்? யாருக்கும் யாருக்கும்?

நம் பாட்டன் காலத்தில் மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப் போனார்கள். கடன் எவ்வளவு என்று ஒரு ‘துண்டு’ இருக்கும். அந்தத் துண்டோடு ஆளும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவார். 1921இல் அதை ஒழித்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் நம் பிள்ளையின் கதி ஒரு தாளில்தான் நிற்கிறது என்றால் வயிறு எரிகிறது.

மார்ச் 22இல் கிராம சபை. பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தும் ஆள் வராத பிள்ளைகள் யார் என்று அங்கே கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளை சிக்கியது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள். விசாரணைக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள்.

அந்தப் பையனின் அப்பா இன்று வந்திருக்கிறார். அண்ணே, இப்படி மேலே வாங்க. மைக்கைப் பிடிங்க.