கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை

(ஹூஸ்டனில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் ஐயா அவர்களே (அவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் ஒரு தம்பி காதோடு சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்தத் தம்பிக்கும் நன்றி), முன்னாள் தலைவர்கள் மூவர் அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, சமையற்கட்டில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொருளாளர் என்னைத் திட்டட்டும். அவரைத்தான் விட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. வணக்கம் ஐயா.

இன்றைக்கு மூன்று விஷயம். அமெரிக்க ஃபுட்பாலில் டிஃபென்ஸின், அதாவது தடுக்கும் அணியின், முன்வரிசை என்றால் என்ன, அது ஏன் கலப்பு வரிசையாக மாறியது, கல்லூரி அணிகள் ஆடும் ‘டைட்’ முன்வரிசை எப்படி வேலை செய்கிறது.

தாக்கும் அணிக்கு விதி கடுமையானது. பந்து நகரும்போது ஏழு பேராவது கோட்டில் நிற்க வேண்டும். தடுக்கும் அணிக்கு அந்தக் கட்டாயமே இல்லை. பதினொரு பேரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். நான்கு பேர் தரையில் கையூன்றி, பின்னால் மூன்று லைன்பேக்கர்கள், அதாவது இரண்டாம் வரிசைக் காவலர்கள், நின்றால் 4-3. மூவர் கையூன்றி, நால்வர் நின்றபடி இருந்தால் 3-4. டிவியில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் தலையை எண்ணுவதைவிட, யார் எந்த இடைவெளியைக் காக்கிறார் என்று பார்ப்பதுதான் முக்கியம். தாக்கும் வரிசையின் நட்டநடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு அடுத்து டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே இருப்பது ஏ இடைவெளி, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, அதற்கு வெளியே சி. ஒரு இடைவெளி மட்டும் உங்கள் பொறுப்பு என்றால் பந்து நகர்ந்ததும் பாய்ந்துவிடலாம். இரண்டு உங்கள் பொறுப்பு என்றால் பாய முடியாது. எதிரில் இருப்பவன் நெஞ்சில் கைவைத்து நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் அவனை உதற வேண்டும்.

பாய்பவர்களும் நின்று தாங்குபவர்களும் ஒரே வரிசையில் இருந்தால் அதுதான் கலப்பு முன்வரிசை. ஓட்டத்தையும் அடைக்க வேண்டும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் விரட்ட வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வோம். இந்தக் காலத்துப் பயிற்சியாளருக்கு அது கேலி இல்லை, பிழைப்பு. தாக்கும் அணி ஆள் மாற்றாமல், கூடிப் பேசாமல், அடுத்தடுத்து ஓடினால், தடுக்கும் அணிக்கும் ஆள் மாற்ற நேரம் கிடைக்காது. களத்தில் இருக்கும் அதே பதினொரு பேர்தான் இரண்டையும் செய்தாக வேண்டும்.

2013 பருவத்து சியாட்டில் அணியைப் பாருங்கள். இடது ஓரத்தில் ரெட் பிரையன்ட், நம் டெக்சஸ் ஏ அண்ட் எம் பிள்ளை, ஏறத்தாழ 320 பவுண்டு. நடுவில் நிற்க வேண்டிய உடம்பை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அவர் பக்கம் ஓட வழியில்லாமல் செய்தார்கள். எதிர் ஓரத்தில் ‘லியோ’ என்று அவர்கள் அழைத்த இடத்தில் கிறிஸ் கிளெமன்ஸ், சுமார் 250 பவுண்டு, அவருக்குப் பாய்வதுதான் வேலை. பெயருக்கு அது 4-3, ஆனால் ஒரு பக்கம் 3-4இன் குணம். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் டென்வரை 43-8 என்று சாய்த்தார்கள்.

இதெல்லாம் புதுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1973 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக ஹூஸ்டன் ஆயிலர்ஸ் எடுத்தது ஜான் மட்டுசாக் என்ற மலை மாதிரி ஆளை. அடுத்த வருஷமே வேர்ல்ட் ஃபுட்பால் லீக் என்று புதிதாக ஒன்று முளைத்தது. அதில் இதே ஊரில் இன்னொரு அணி. ஆயிலர்ஸோடு ஒப்பந்தம் இருக்கும்போதே மட்டுசாக் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்! களத்தில் இறங்கி ஆடவும் ஆரம்பித்துவிட்டார். சில பிளேக்கள்தான் ஆகியிருக்கும், நீதிமன்ற ஆணையோடு ஆள் வந்து ஓரத்தில் நிற்கிறார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆட்டம் அத்தோடு சரி.

அப்புறம் ஆயிலர்ஸ் அவரைக் கான்சாஸ் சிட்டிக்குத் தள்ளிவிட்டது. பதிலுக்கு வந்தவர்தான் கர்லி கல்ப். கூடவே 1975இன் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும் வந்தது, அதில் எடுத்த ராபர்ட் பிரேஸில் பிற்பாடு ஆட்டத்தின் பெரும்புள்ளிகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். இதைவிட லாபமான வியாபாரம் இந்த ஊரில் நடந்ததா என்று ரியல் எஸ்டேட் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். கல்ப் கல்லூரியில் ஹெவிவெயிட் மல்யுத்த சாம்பியன். முதலில் எடுத்த டென்வர் அவரைத் தாக்கும் வரிசையில் கார்டாக நிறுத்தப் பார்த்துவிட்டுக் கைமாற்றிவிட்டது! கான்சாஸ் சிட்டியில் பயிற்சியாளர் ஹாங்க் ஸ்ட்ராம் என்ன செய்தார்? நான்கு பேர் வரிசையிலேயே ஒருவரை நகர்த்தி நேராக சென்டரின் தலைக்கு எதிரே நிறுத்தினார். 1970 ஜனவரி சூப்பர் பவுலில் மினசோட்டா சென்டர் மிக் டிங்கல்ஹாஃப் அப்படி மாட்டிக்கொண்டார். 23-7. ஹூஸ்டனில் பயிற்சியாளர் பம் ஃபிலிப்ஸ் கல்ப்பை 3-4இன் நட்டநடுவில், நோஸ் டேக்கிள் என்ற இடத்தில் வைத்தார். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் வருஷத்துக்கு ஒரே வெற்றியோடு முடித்த அணி, 1974இல் 7 வெற்றி 7 தோல்வி, 1975இல் 10 வெற்றி 4 தோல்வி.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். சாக், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது, அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது 1982இல். கல்ப் ஓய்வு பெற்றது 1981இல். ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க 2013 வரை ஆயிற்று. நோஸ் டேக்கிள் இரண்டு பேரைத் தன்மேல் வாங்கிக்கொள்வதால்தான் பக்கத்தில் இருப்பவர் தனியாகப் புகுந்து சாக் எடுக்கிறார். எடுத்தவருக்குக் கணக்கு, வாங்கியவருக்கு முதுகுவலி. 2008இல் ஓரத்தில் நின்று ஆடிய பால்டிமோர் அணியின் டெரல் சக்ஸ் லைன்பேக்கரா, டிஃபென்சிவ் எண்டா (முன்வரிசையின் ஓர ஆளா) என்று சம்பளத்துக்காகவே வழக்காடி, கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகையில் முடித்தார்கள். ஓரத்தில் நிற்பவருக்காவது அப்படி வாதாட இரண்டு பெயர் இருக்கிறது. அணி முதலாளிகள் கலப்பு வரிசையும் கேட்பார்கள், அதைத் தாங்கும் நடு ஆளை மலிவாகவும் கேட்பார்கள். மறுபடியும் அதே கூழ், அதே மீசை.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நோஸ் டேக்கிள் எத்தனை முறை இரட்டைத் தடுப்பை வாங்கினார் என்பது அதிகாரபூர்வக் கணக்கில் சேர வேண்டும். காணொளியைப் பார்த்து எண்ணிவிடலாம். பயிற்சியாளர்கள் எண்ணத்தான் செய்கிறார்கள், இல்லையா ஐயா? தலையாட்டுகிறார்.

‘டைட்’ முன்வரிசை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், அது பொங்கல் விழாவுக்கு. என்எஃப்எல் லீகுக்கு அனுப்பும் மனு வாசலில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான், எழுதியதும் அங்கேயே வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் சாப்பிடப் போகலாம், போடாதவர்களும் போகலாம். நன்றி, வணக்கம்.