சிம்ப்யூட்டரும் ஒரு சிறிய அட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டைப் பையில் அடங்கும் கணினி என்றால் இன்றைய மாணவர்கள் ஸ்மார்ட்போனைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். 2001-ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்படி ஒரு கணினியின் முன்மாதிரி பெங்களூரில் அறிமுகமானது. பெயர் சிம்ப்யூட்டர். நம் நாட்டில் ஒரு கருவி கடைக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றி அவ்வளவு எதிர்பார்ப்பும் அவ்வளவு வாதமும் எழுந்தது அபூர்வம். அந்த வாதத்தில் எல்லோரும் எதைப் பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதே இன்று என் பேச்சு.

இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் நால்வர், விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர், என்கோர் என்ற பெங்களூர் மென்பொருள் நிறுவனத்தாருடன் சேர்ந்து 1999-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கிராமத்தில் இருப்பவரும், எழுத்தறியாதவரும் பயன்படுத்தக்கூடிய கணினி வேண்டும் என்பது நோக்கம். விலை 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

கருவியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் உடல். 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட சிறு திரை. அதை ஒரு குச்சியால் தொட்டு இயக்க வேண்டும். உள்ளே 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, அதன் மேல் லினக்ஸ் என்ற இயக்குதளம். டி.வி. ரிமோட்டில் போடுகிறோமே, அந்தச் சின்ன பேட்டரி மூன்று போட்டால் ஓடும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊர்களை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. இதோடு, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் குரலும் உண்டு. பதிவு செய்து வைத்த ஒலித்துண்டுகளை ஒட்டவைத்துச் சொல்லாக்கும் முறை. இந்தி, கன்னடம், தமிழ் என்று தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்கள் இந்திய மொழிகளை அதிகம் கண்டுகொள்ளாத நாளில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவருடைய மொழியிலேயே ஒரு கணினி பேச வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். அதற்காகவே அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

எதிர்பார்ப்பு கடல் கடந்தது. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் தன் ஞாயிறு இதழில் 2001-ஆம் ஆண்டின் முக்கியமான புதுமைகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. வன்பொருளின் வரைபடத்தையே திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உரிமக் கட்டணம் கட்டித் தயாரிக்கலாம். செய்த மாற்றங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுவில் வைத்துவிட வேண்டும். மென்பொருளில் மட்டுமே பழகியிருந்த ஒரு நெறியைச் சர்க்யூட் பலகைக்குக் கொண்டுவந்த துணிச்சல் அது.

வாதமும் அப்போதே தொடங்கிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்குக் கணினி எதற்கு என்றார்கள் சிலர். விவசாயக் கூலிக்கு ஒன்பதாயிரம் ரூபாய் என்பது பல மாத வருமானம், அவர் எப்படி வாங்குவார் என்றார்கள் வேறு சிலர். இது முழுக் கணினியா, விலை குறைந்த மின்னணு நாட்குறிப்பா என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மோதிக்கொண்டார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் நம் கரையிலேயே இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. ஏழைக்குத் தகவல் எதற்கு என்று கேட்டவர்கள் அந்தக் கரையில் ஒரு காலைப் பொழுது நின்றிருந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கான பதில் சிம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் குறை. கருவியின் ஓரத்தில் ஒரு துளை. அதில் செருக ஒரு ஸ்மார்ட் கார்டு, அதாவது விவரத்தைச் சேமிக்கும் சில்லு பதித்த அட்டை. கணினியை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. பஞ்சாயத்தோ, பள்ளியோ, கடைக்காரரோ ஒன்றை வாங்கி வைத்தால் போதும். ஊரார் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அவரவர் விவரம் அவரவர் அட்டையில் இருக்கும். அட்டையைச் செருகினால் அந்தக் கருவி உங்களுடையது. உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனால் உங்கள் விவரமும் உங்களோடு வந்துவிடும். கருவி பொது, தகவல் சொந்தம். ஒன்பதாயிரத்தை ஒரு கூலித் தொழிலாளியின் வருமானத்தோடு ஒப்பிட்டவர்கள், அதை ஓர் ஊரின் தலைக்கட்டுகளுக்குப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்தது வேதனையானது. முன்மாதிரியிலிருந்து கடைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. அதிக எண்ணிக்கையில் செய்தால்தான் விலை குறையும்; விலை குறைந்தால்தான் வாங்குபவர்கள் வருவார்கள்; வாங்குபவர்கள் வந்தால்தான் முதல் போட ஆள் கிடைப்பார்கள். அறக்கட்டளையின் கையில் அறிவு இருந்தது, ஆலைக்கான முதல் இல்லை. 2004 ஏப்ரலில், பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபெட்டா நிறுவனமும் பொதுத்துறையின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அமிடா சிம்ப்யூட்டரை வெளியிட்டன. விலை 9,950 ரூபாயில் தொடங்கியது. வண்ணத் திரை கொண்டது 19,950. கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும் அசைவு உணரி அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் கேட்ட பேச்செல்லாம் மின்னஞ்சல், நாட்குறிப்பு, விளையாட்டு என்று நகரத்து வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியிருந்தது. கிராமத்துப் பொதுக் கணினி என்ற எண்ணம் பின்வாங்கிவிட்டது. கர்நாடகத்தின் நில ஆவணத் திட்டம், சத்தீஸ்கரின் பள்ளிகள் போன்ற சில இடங்களில் பயன்பட்டதோடு சரி. விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

இடையில் செல்போன் வந்து களத்தையே மாற்றிவிட்டது. 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதே ஆண்டு மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் அறிவித்தது. படிக்காதவருக்கும் பேசத் தெரியும். பேசுவதற்கான கருவியே முதலில் அவர் கைக்குப் போனது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

சிம்ப்யூட்டர் தோற்ற கதையாக இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குரல், தொடுதிரை, சாய்த்தால் திரும்பும் பக்கம் எல்லாம் வேறு பெயர்களில் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. வராமல் போனது அந்த அட்டைக்குப் பின்னால் இருந்த எண்ணம் மட்டும்தான். இன்று கருவி ஆளுக்கொன்று சொந்தமாக இருக்கிறது. தகவல் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் போட்ட கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது.

தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் குடும்ப அட்டை கொடுத்தார்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: குடும்பத் தலைவரின் படம், ஒரு க்யூஆர் குறியீடு. கடைக்காரரின் கருவி அந்தக் குறியீட்டைப் படித்து, மற்ற விவரங்களைத் தொலைவில் உள்ள சர்வரிடம் கேட்கும். சர்வர் பதில் சொல்லாத நாளில், பையோடு வந்த அம்மாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அரிசி இல்லாமல் திரும்புகிறார். இந்த மாதம் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு பாக்கி என்பதை அந்த அட்டையிலேயே ஒரு சிறு சில்லு தாங்கிக்கொள்ள முடியும். சில்லு பதித்த அட்டை இன்று வங்கி வாடிக்கையாளர்கள் பலருடைய பையிலும் இருக்கிறது. அடுத்த முறை அட்டையை மாற்றும்போது, 2001-இல் பெங்களூரில் வரைந்த அந்த வரைபடத்தை உணவுத் துறை அதிகாரிகள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.